தளர்ந்த கைகளைத் தாங்குவோர்

(வானொலியில் ஒலித்த மறையுரையின் எழுத்து வடிவம்)



ஒரு சட்டைக்குப் பொத்தான் போட நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம் ஆகலாம். ஞாயிறு காலை முதல் மணி அடித்த பிறகு கிளம்பினாலும், போகிற போக்கில் போட்டுக்கொண்டு ஆலயத்திற்கு வந்துவிடுகிறோம். ஆனால் அதே ஐந்து பொத்தான்களைப் போட கால் மணி நேரம் போராடுகிற மனிதர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு டம்ளர் நிறையக் காபி கொடுத்தால், வாய்க்குப் போவதற்குள் பாதி வேட்டியில் சிந்திவிடும். கையெழுத்துப் போடச் சொன்னால், எழுத்து வரவரச் சிறுத்து எறும்பு வரிசைபோல ஆகிவிடும். செபமாலை சொல்ல உட்கார்ந்தால், மணியை நகர்த்தவேண்டிய விரல் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த நோய்க்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். தமிழில் நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் சொல்கிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 11ஆம் நாள் இந்நோய்க்கான உலக நாள். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இலண்டன் மருத்துவர் 1755ஆம் ஆண்டு அதே நாளில் பிறந்தவர். அவர் 1817ஆம் ஆண்டில் ஆறு நோயாளர்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தம் மருத்துவமனையில் சந்திக்கவில்லை, தெருவில்தான் கண்டார். ஊரார் எல்லாரும் பார்த்துவிட்டுக் கடந்துபோன மனிதர்களை அவர் நின்று கவனித்தார். மருத்துவ உலகம் இந்த நோயை அறிந்துகொண்டது அப்படித்தான். இன்று உலகம் முழுவதும் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயோடு வாழ்கிறார்கள் என உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் கூறுகிறது. கடந்த 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரு மடங்காகியிருக்கிறது.

அன்பானவர்களே, நடுங்கும் கைகளைப் பற்றி நினைக்கும்போது விவிலியத்தில் வரும் ஒரு காட்சி நம் கண்முன் வருகிறது. விடுதலைப் பயண நூல் 17ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். இரபிதிம் என்ற இடத்தில் அமலேக்கியர் இஸ்ரயேல் மக்களைத் தாக்குகிறார்கள். யோசுவா ஆள்களோடு போர்க்களத்திற்குப் போகிறார். மோசே கடவுளின் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றின் உச்சிக்குப் போகிறார். ஆரோனும் கூரும் அவரோடு போகிறார்கள். மோசேயின் கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேல் வெல்கிறது, கை தாழும்போது அமலேக்கு வெல்கிறது. நேரம் ஆக ஆக, மோசேயின் கைகள் தளர்ந்துபோகின்றன.

செங்கடலைப் பிளக்க நீட்டப்பட்ட கை அது. பாறையிலிருந்து தண்ணீர் வரச் செய்த கை அது. அந்தக் கையும் தளர்ந்தது என்று விவிலியம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. கை தளர்ந்ததற்காகக் கடவுள் அவரைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? ஒரு கல்லைக் கொண்டுவந்து மோசேயை அதன்மேல் உட்கார வைத்தார்கள். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் நின்று அவருடைய கைகளைத் தாங்கினார்கள். கதிரவன் மறையும்வரை அப்படியே நின்றார்கள். அந்தக் கைகள் அதுவரை அசையாமல் இருந்தன. ஒரு கல், இரண்டு பக்கத் துணை, பொழுது சாயும்வரை பொறுமை. நடுக்குவாதத்தால் வருந்துவோருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் ஒரு பங்குச் சமூகம் செய்யவேண்டிய எல்லாமே இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

முதலாவது, கல்.

ஆரோனும் கூரும் மோசேயிடமிருந்து கோலை வாங்கிக்கொண்டு, "நீர் கீழே போய்ப் படும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லவில்லை. அவருடைய பணியை அவரிடமே விட்டார்கள். அந்தப் பணியைச் செய்ய அவருக்கு என்ன குறைகிறது என்று பார்த்தார்கள். உட்கார ஓர் இடம் குறைந்தது. அந்தக் குன்றில் கிடைத்த ஒரு கல்லையே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நாம் கொண்டுவரவேண்டிய முதல் கல், இந்நோயைப் பற்றிய தெளிவு. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகள் சீராக நடக்க அது தேவை. அந்தச் செல்கள் சிறிதுசிறிதாக அழியும்போது கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை மெதுவாகிறது, நிலைதடுமாறுகிறது. சிலருக்கு நடுக்கமே இருக்காது, விறைப்பும் மந்தமும் மட்டும் இருக்கும். முகத்தின் தசைகளும் விறைப்பதால் சிரிப்பு முகத்தில் தெரியாது. குரல் தாழ்ந்துபோகும். மலச்சிக்கல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இந்நோயின் பகுதிகளே.

இது தெரியாததால் ஊர் என்னென்ன பேசுகிறது! தள்ளாடி நடப்பவரைப் பார்த்து, "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டார்" என்கிறது. சிரிக்காத முகத்தைப் பார்த்து, "நமக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லமாட்டேங்கிறாரே, என்ன கர்வம்" என்கிறது. மெதுவாகச் சாப்பிடுபவரைப் பார்த்து, சோம்பேறி என்கிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறது. முன்னோர் செய்த பாவம் என்கிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் காட்டி, இவர் பாவமா, இவருடைய பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் நாம் பேச என்ன இருக்கிறது?

இன்னொரு பேச்சும் உண்டு. "அப்பாவுக்கு உதறுவாதமாம், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிக்கணும்." இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் நோயாளியைப் பின்னறையில் வைத்துவிடுகின்றன. மருத்துவரிடம்கூட ஊர் தெரியாமல் போய்வருகின்றன. இந்நோய் தொற்றக்கூடியது அன்று. பெரும்பாலானோருக்கு இது பரம்பரையாக வருவதும் இல்லை. அடுத்த முறை திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால், அங்கே இருக்கும் நம்மவர் ஒருவர் வாய்திறந்து இதைச் சொல்லட்டும். அது ஒரு பெண்ணின் வாழ்வையும் அவளுடைய தந்தையின் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றும்.

அடுத்த கல், ஆலயத்தில் நாம் செய்யக்கூடிய ஏற்பாடு. நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு நடக்கும்போது திடீரெனக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுவது உண்டு. குறிப்பாக வாசற்படியிலும் குறுகலான இடத்திலும் கூட்டத்திலும் இப்படி ஆகும். அப்போது பின்னால் இருப்பவர் தள்ளக்கூடாது, முன்னால் இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. விழுந்துவிடுவார்கள். சற்று நின்று, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினாலோ, தாளம் போட்டாலோ, தரையில் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னாலோ கால் மறுபடியும் எழும். நம் ஆலய வாசலிலிருந்து முன்வரிசைவரை தரையில் சில வண்ணப் பட்டைகளை ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? ஓரத்தில் கைப்பிடி உள்ள இரண்டு நாற்காலிகள் போட எவ்வளவு இடம் வேண்டும்?

நற்கருணை வாங்க வரும்போது கை நடுங்கும் என்று கூச்சப்பட்டே சிலர் திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: கையை நீட்ட முடியாவிட்டால் நாவில் வாங்கலாம். எழுந்து வர முடியாவிட்டால், நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே ஆண்டவர் வருவார். விழுங்கச் சிரமம் என்றால் அப்பத்தின் ஒரு சிறு துண்டு போதும், அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். கூடவே ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கலாம். மாத்திரை வேளைக்கு எடுக்கவேண்டியிருப்பதால் நற்கருணை நோன்பு முறியுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. அதைவிட மேலாக, திருச்சபைச் சட்டம் 919ஆம் எண், முதியோரும் நோயுற்றோரும் மட்டுமல்லாமல் அவர்களைப் பராமரிப்போரும்கூட, ஒரு மணி நேரத்துக்குள் எதையாவது உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்கிறது. பராமரிப்பவரையும் நினைத்துச் சட்டம் எழுதிய தாய் நம் திருச்சபை.

இரண்டாவது, இரு பக்கமும் துணை.

ஆரோன் மட்டும் மோசேயின் ஒரு கையைத் தாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறு கை தொங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஆரோனின் கையும் தளர்ந்திருக்கும். நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நோயாளி ஒருவர், தாங்குகிறவர் ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, அல்லது மருமகள், அல்லது திருமணத்தைத் தள்ளிப்போட்ட மகள்.

இப்படி ஒரு வீட்டை மனத்தில் நினைத்துப் பாருங்கள். கணவர் கட்டட வேலை செய்தவர். கை நடுங்கத் தொடங்கியதும் கரண்டி பிடிக்க முடியவில்லை, கூப்பிடுவாரும் இல்லை. மனைவி கிரிவலப் பாதையில் பூ விற்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து கணவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போகவேண்டும். மாத்திரை கொடுக்கவேண்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருந்து குளிக்கவைக்கவேண்டும். பூ விற்கப் போன இடத்தில் மனமெல்லாம் வீட்டில் இருக்கும், விழுந்துவிட்டாரோ என்று. இரவிலும் தூக்கம் இல்லை. இந்நோயில் சிலர் கனவில் கத்துவார்கள், கைகாலை உதறுவார்கள். படுக்கையில் புரண்டு படுக்கவும் ஒரு கை கொடுக்கவேண்டும். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். அவருடைய மாத்திரையை யார் நினைவுபடுத்துகிறார்கள்? ஊரார் வந்தால், "ஐயா எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்கிறார்கள். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? சாப்டீங்களா?" என்று கேட்க ஆள் இல்லை.

அன்பானவர்களே, கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கம், மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முன்வரும் சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர், கூலித் தொழிலாளி, கல்லூரி மாணவர், வீட்டில் இருக்கும் பெண்கள் எனப் பலரும் வந்தார்கள். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஒரு செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. 2008ஆம் ஆண்டில் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது.

நடுக்குவாதத்துக்கென்றே மும்பையில் 2001ஆம் ஆண்டில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறுகள் சங்கம் என்று பொருள்படும் பெயர் அதற்கு. நாட்டின் பல ஊர்களிலும் நோயாளர்களும் குடும்பத்தாரும் ஒன்றுகூடி உடற்பயிற்சி செய்யவும், உரக்கப் பேசிப் பழகவும், ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசவும் அது குழுக்களை நடத்துகிறது. புனே நகரில் 2010 முதல் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு நடன வகுப்பே நடந்துவருகிறது. நடக்க முடியாமல் நிற்கும் கால், தாளம் கேட்டால் எழுகிறது.

நம்மிடம் இல்லாதது என்ன? வாரந்தோறும் கூடும் அன்பியங்கள் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. மரியாயின் சேனை உண்டு. இளையோர் இயக்கம் உண்டு. ஓர் அன்பியத்தில் இருபது குடும்பங்கள் என்றால், ஒரு குடும்பம் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பெரிதாக எதுவும் செய்யவேண்டாம். அவர் அருகே உட்கார்ந்திருங்கள். நாளிதழை வாசித்துக் காட்டுங்கள். அவரோடு சேர்ந்து உரத்த குரலில் செபமாலை சொல்லுங்கள், தாழ்ந்துபோகும் குரலுக்கு அதுவே நல்ல பயிற்சி. அதற்குள் அந்த அம்மா தூங்கட்டும், கடைக்குப் போகட்டும், தம் உடம்புக்கு மருத்துவரைப் பார்க்கட்டும், அல்லது சும்மா தம் தங்கை வீட்டுக்குப் போய்வரட்டும். ஆனால் ஒன்று: "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அப்படிச் சொன்னால் யாரும் கூப்பிடுவதில்லை. "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருகிறோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள்.

மறு பக்கத்தில் அரசின் கையும் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளவும் பலருக்குத் துணை தேவைப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பார்க்கின்சன் நோயையும் மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. மருத்துவச் சான்று பெற்றுத் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நடுக்குவாதத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியவேண்டும். இந்தப் படிவங்களை நடுங்கும் கையால் யார் நிரப்புவது? கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நிரப்பட்டும். வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருவர் கூடப் போகட்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949ஆம் ஆண்டிலேயே மருத்துவர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார், நாட்டிலேயே முதன்முதலாக. அது நம் மாவட்டத்துக்கு அடுத்த ஊர்தான். ஆனால் பேருந்து ஏறி இறங்கத் துணை இல்லாதவருக்கு அதுவும் தொலைதூரம். இரு சக்கர வாகனமும் காரும் வைத்திருக்கும் இறைமக்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, கதிரவன் மறையும்வரை.

ஆரோனும் கூரும் ஒரு மணி நேரம் தாங்கிவிட்டு இறங்கிப் போயிருந்தால் போர் தோற்றிருக்கும். நடுக்குவாதம் பத்து ஆண்டு, இருபது ஆண்டு கூடவே வரும் நோய். முதல் மாதம் எல்லாரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் ஆண்டில் யார் வருகிறார்கள் என்பதில்தான் நம் அன்பு தெரியும்.

நம் ஊரில் இதை நாம் மாதந்தோறும் கண்ணால் காண்கிறோம். பௌர்ணமி இரவில் நம் வீட்டு வாசல் வழியே இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அடி அண்ணாமலைக்கு வரும்போது பாதி வழி கடந்திருக்கும், கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியின் நடைக்கேற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வருகிற பேரன்களைப் பார்த்திருக்கிறோம். பாட்டி உட்கார்ந்தால் அவனும் உட்காருகிறான். அவர்களுடைய சமயம் வேறு, வழிபாடு வேறு. ஆனால் நோயுற்றவரின் வேகத்துக்கு நம் வேகத்தை இறக்கிக்கொள்வது எப்படி என்பதை அந்தப் பிள்ளைகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

பொழுது சாயும்வரை கூட இருப்பதில் ஒரு பகுதி, மருந்தை வேளை தவறாமல் கொடுப்பது. இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் லெவோடோபா என்னும் மருந்து, குறைந்துபோன டோபமினை ஈடுசெய்து மனிதரை நடக்கவைக்கிறது. இதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் சித்த மருத்துவர்கள் அறிந்த பூனைக்காலி விதையிலிருந்து இந்த வேதிப்பொருளை 1937ஆம் ஆண்டில் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது நடுக்குவாதத்துக்குப் பயன்படும் என்று வியன்னா மருத்துவர்கள் நோயாளர்களிடம் கண்டறிந்தது 1961ஆம் ஆண்டில்தான். இதைக் கேட்டுவிட்டுக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள், அளவு கூடிவிடும். எதைச் செய்தாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மாத்திரை அரை மணி நேரம் தள்ளிப்போனாலும் சிலருக்கு உடம்பு கட்டையாகிவிடும். ஆகவே அன்பியக் கூட்டமானாலும் திருமண விருந்தானாலும், அவருடைய மாத்திரை வேளையைக் கேட்டுக்கொண்டு நேரம் குறியுங்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சில செபக் கூட்டங்களில், "விசுவாசம் இருந்தால் மாத்திரையைத் தூக்கி எறி" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் கடுமையாக விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்து வரலாம். கடவுள் குணமாக்க வல்லவர், அதை நாம் அறிக்கையிடுகிறோம். மரி சிமோன் பியர் என்னும் பிரெஞ்சு அருள்சகோதரிக்கு இதே நோய் இருந்தது. 2005ஆம் ஆண்டில் அவர் நலமடைந்ததைத் திருச்சபை நீண்ட விசாரணைக்குப் பிறகு புதுமையாக ஏற்றுக்கொண்டது. அவருடைய சபைச் சகோதரிகள் யாருடைய பரிந்துரையை வேண்டினார்கள் தெரியுமா? அதே நோயால் வருந்தி அவ்வாண்டில் இறந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் பரிந்துரையை.

அந்தத் திருத்தந்தைக்காகவும் பலர் செபித்தார்கள். அவர் குணமாகவில்லை. 1978ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் மலையேறும், பனிச்சறுக்கு விளையாடும் 58 வயது மனிதர். 1986 பிப்ரவரி 5ஆம் நாள் சென்னைக்கு அவர் வந்தபோது நேரில் கண்டவர்கள் அந்த நிமிர்ந்த நடையை இன்றும் நினைவுகூர்வார்கள். சில ஆண்டுகளில் இடக்கை நடுங்கத் தொடங்கியது. முகம் விறைத்தது, முதுகு கூனியது, பேச்சு குழறியது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1992ஆம் ஆண்டில் நோயாளர் உலக நாளை ஏற்படுத்தி, லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11ஐ அதற்குக் குறித்தார். நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டிலும் லூர்து அன்னையின் திருத்தலம் உண்டு. அங்கே தொழுநோயாளர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையும் எழுந்தது. ஊர் ஒதுக்கியவரைச் சேர்த்துக்கொள்வது இந்த மண்ணின் திருச்சபைக்குப் புதிதன்று.

2004 ஆகஸ்டில் அந்தத் திருத்தந்தை லூர்து நகருக்குச் சென்றார். அதுவே இத்தாலிக்கு வெளியே அவருடைய கடைசிப் பயணம். நோயாளர்களுக்கு ஆசி வழங்க வந்தவராக மட்டும் அவர் அங்கே இல்லை, தாமும் ஒரு நோயாளராக அவர்கள் நடுவே முழந்தாளிட்டார். முழந்தாளிட்டு எழ முடியாமல் தடுமாறியபோது அருகில் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். 2005 மார்ச் 27, உயிர்ப்பு ஞாயிறு. சன்னலருகே வந்து பேச முயன்றார், குரல் வரவில்லை. கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் வரைந்தார். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 2ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார். 2014ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. சொற்கள் ஏதுமில்லாத அந்த ஆசியை அன்று சதுக்கத்தில் நின்ற மக்கள் கண்ணீரோடு பெற்றுக்கொண்டார்கள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலருகே பேதுருவிடம் சொன்னதையும் நினைப்போம். இளமையில் நீயே இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் நீ கைகளை விரித்துக் கொடுப்பாய், வேறொருவர் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்கு அழைத்துச் செல்வார் என்ற பொருளில் சொன்னார். அது பேதுருவின் சாவைக் குறித்த சொல். ஆனால் பிறர் சட்டை மாட்டிவிடக் கைகளை விரித்து நிற்கும் ஒவ்வொரு தகப்பனும் தாயும் அந்தச் சொல்லின் கனத்தை அறிவார்கள். அதைச் சொன்ன உடனே ஆண்டவர், "என்னைப் பின்தொடர்" என்றார். ஆகவே, பிறர் உடுத்திவிடும் நிலையில் இருப்பவரும் ஆண்டவரைப் பின்தொடர்கிறவரே. அவருடைய சீடத்துவம் முடிந்துவிடவில்லை. அவருக்காகச் செபிக்கும் நாம், நமக்காகச் செபிக்குமாறும் அவரைக் கேட்போம். அந்தப் பணிக்கு மோசேக்குத் தேவைப்பட்டதுபோல் உட்கார ஓர் இடமும் இரண்டு துணையும் போதும்.

இந்நோய் முற்றும்போது நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தைக் கேட்க அஞ்சாதீர்கள். அது சாகக் கிடப்பவருக்கு மட்டும் உரியதன்று. நோயாலும் முதுமையாலும் ஆபத்து தொடங்கும்போதே பெறலாம், நோய் கடுமையாகும்போது மீண்டும் பெறலாம். மூச்சு இழுக்கும்போது ஓடிவந்து கூப்பிடாதீர்கள். அவர் உணர்வோடு "ஆமென்" சொல்லக்கூடிய நாளில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, அன்பியத்தார் பாடிச் செபிக்க, அதைக் கொண்டாடுவோம்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோம். முன்பு ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்து, இப்போது ஆலயத்தில் காணாமல்போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்காமல், அவருடைய வீட்டுக்கே போங்கள். அவசரமில்லாமல் உட்காருங்கள். அவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். புறப்படும்போது அவரைத் தாங்குகிறவரைத் தனியே அழைத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நீங்கள் வரலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமையில் போய் நில்லுங்கள்.

செபிப்போமாக.

எல்லாம் வல்ல இறைவா, தளர்ந்த மோசேயின் கைகளைத் தாங்க ஆரோனையும் கூரையும் அருகில் வைத்தீரே. நடுக்குவாதத்தால் வருந்தும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கும். அவர்கள் சிந்திய காபிக்காகவும், சொல்ல முடியாத வார்த்தைக்காகவும் வெட்கப்படாதபடி செய்யும். இரவெல்லாம் விழித்திருந்து அவர்களைப் பேணும் மனைவியர், கணவர், பிள்ளைகள், மருமக்கள் அனைவருக்கும் உறக்கத்தையும் உடல்நலத்தையும் தந்தருளும். அவர்களைப் பேணும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆசிர்வதியும். எங்கள் அன்பியங்களில், கேளாமலே கல்லைத் தூக்கி வருகிறவர்களையும், பொழுது சாயும்வரை பக்கத்தில் நிற்கிறவர்களையும் எழுப்பியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.